சுவரைத் தாண்டிய கிளைகள்

அந்த மாமரத்தில் எந்தக் கிளையில் பூ அதிகம் என்று பார்த்துப் பார்த்துத்தான் வெட்டினேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

மரம் சரோஜம்மாளுடையது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கிளையில் பாதி எங்கள் வாசலுக்கு மேல் கிடக்கும். இலை விழுந்து மாடித் தண்ணீர்க் குழாய் அடைக்கிறது என்று என் வீட்டுக்காரர் மாடசாமி ஆன்லைனில் ஒரு பேட்டரி ரம்பம் வாங்கினார். முழங்கை நீளம்கூட இருக்காது. கட்டை விரலால் பூட்டை அமுக்கிக்கொண்டு விசையை இழுத்தால் சங்கிலி சுற்றும், மணிக்கட்டுப் பருமனுள்ள கிளை கண் மூடித் திறப்பதற்குள் கீழே விழும். "ஞாயித்துக்கெழம நான் வெட்டுதேன். பூக்காத கெளையா நாலு எடுத்தாப் போதும், நீ தொடாத" என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமை காலை அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பினார். கம்பெனி பஸ் முக்குத் திரும்பியதும் நான் ஏணியை எடுத்துவிட்டேன்.

தை மாதம். ஓசூரில் எங்கள் பேரிகை ரோடு முழுக்க மா பூத்துக் கிடக்கிற நேரம். இப்போது ஒரு கிளையை வெட்டினால் மே மாதத்தில் இரண்டு கூடை காய் இல்லை. என் வாசலுக்குள் நீட்டியதை நான் வெட்டுகிறேன், யாரும் கேட்க முடியாது. சரோஜம்மாளின் வயிறு எரிய வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். வேலைக்காக ஓசூர் வந்து, சரோஜம்மாளின் புருஷன் சென்னப்பன் தன் ராகிக் காட்டைப் பிரித்து மனை போட்டபோது ஒன்றை வாங்கி வீடு கட்டினோம். பத்து வருஷம் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் மகள் சுப்ரியாவும் அவர்கள் மகள் ஜெயப்ரியாவும் ஒரே வகுப்பு. சுப்ரியா பாதி நாள் அந்த வீட்டில்தான் சாப்பிடுவாள், சரோஜம்மாளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுப்ரியாவுக்குச் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஒரே பையன், சொந்த வீடு, அரசாங்க உத்தியோகம். நான் புடவைகூடப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். மறுநாளே தரகர் போனில் வேண்டாம் என்றார். தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். சரோஜம்மாள் சொன்னாளாம்: "பொண்ணு தங்கமுங்க. ஆனா அவங்கம்மா வாய் இருக்குதே, அது புகுந்த வீடு வரைக்கும் வரும். பார்த்துக்குங்க."

என் வாய். என் வாயால் என் மகள் கல்யாணம் நின்றது என்று ஊரே பேசும்படி செய்தாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். பண்டிகைக்குக் கொடுத்தனுப்பிய பலகாரத்தைத் தட்டோடு திருப்பி அனுப்பினேன். எதிரில் வந்தால் காறித் துப்பினேன். அவள் ஒரு வார்த்தை பதில் பேசியதில்லை. குற்றமுள்ளவள் எப்படிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். சுப்ரியா அதன்பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாமல் மேலே படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். என் பெண் மனசு உடைந்து போய்விட்டது என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன்.

ஆறாவது கிளையை வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு கார் நின்றது. ஒரு ஆணும் பெண்ணும் இறங்கினார்கள்.

"அம்மா, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? ஒரு விசயம் கேக்கணும்ங்க" என்றார் அவர். "எம்பேரு வெங்கடசாமி, கிருஷ்ணகிரி. இது என் சம்சாரம். எங்கக்கா பையனுக்குப் பக்கத்து வீட்டு ஜெயப்ரியாவைக் கேட்டிருக்கறோம். எல்லாருக்கும் புடிச்சிருக்குது. இருந்தாலும் விசாரிச்சுக்கறது நல்லதில்லைங்களா."

விசையிலிருந்து விரலை எடுத்தேன். இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தேன். என்ன சொல்வது என்று பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. உட்காரச் சொன்னேன், செம்பில் தண்ணீர் கொடுத்தேன்.

"நல்ல குடும்பந்தான். பொண்ணும் லட்சணமா இருப்பா. மத்ததெல்லாம் நமக்கு எதுக்கு."

"மத்ததுன்னா?" என்றாள் அந்தப் பெண்.

"நானும் பொண்ணப் பெத்தவ. நான் ஒண்ணும் சொல்லல."

"சும்மா சொல்லுங்கம்மா. உங்க பேரு வெளிய வராது" என்றார் வெங்கடசாமி.

"கம்பெனி விட்டு வரும்போது ஒரு பையன் பைக்குல கொண்டாந்து விடுதான். ஹெல்மெட்டு போட்டிருப்பான், மூஞ்சி தெரியாது. வீட்டு வரைக்கும் வரமாட்டான், முக்குலயே எறக்கிவிட்டுட்டுப் போயிருவான். யாரோ என்னமோ, நமக்கெதுக்கு."

யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கூடப்பிறந்த அண்ணன் அன்புமணி. தங்கையை முக்கில் இறக்கிவிட்டு அப்படியே தன் ஷிப்டுக்குப் போகிறவன். அதைச் சொல்லவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் தண்ணீரைக் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தாள். கார் கிளம்பும்வரை கேட்டில் நின்று வழியனுப்பினேன்.

பிறகு பெரிய கிளைக்குப் போனேன். முதலில் அடியில் சின்னதாக ஒரு வெட்டு, அப்புறம்தான் மேலிருந்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு விழும் என்று மாடசாமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. மேலிருந்தே இழுத்தேன். பாதியில் முறிந்து, அடிமரம் வரை பட்டை கிழிந்து தொங்கியது. தலை, ரவிக்கை எல்லாம் மாம்பூ. என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ நாளாயிற்று.

பேட்டரி தீர்ந்தது. சார்ஜில் போட்டுவிட்டு, அந்தச் சந்தோஷத்தோடு சுப்ரியாவுக்குப் போன் போட்டேன். அவளுக்குச் சாப்பாட்டு நேரம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உனக்குச் செய்ததை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"கேக்குதாட்டி?"

"அம்மா, சேலத்துச் சம்பந்தத்தை நிறுத்தச் சொன்னது நான்" என்றாள்.

"என்ன சொல்லுத?"

"நான்தான் பெரியம்மாகிட்ட போய் அழுதேன். மேல படிக்கணும், எப்படியாவது நிறுத்துங்கன்னு கேட்டேன். என்னைப் பத்தி ஒரு சொல்லு தப்பா வந்தா அது காலத்துக்கும் சுத்தும்னு, உன் மேல பழியைப் போட்டாங்க. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"ஏங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"மூணு தடவை சொன்னேன். மூணாவது தடவை நீ சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சே."

எறிந்தேன். சுவரில் குழம்பு வழிந்ததுகூட நினைவிருக்கிறது.

"ஜெயாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் புடிச்சிருக்குது. நேத்து ஒரு மணி நேரம் அவனைப் பத்தியேதான் பேசினா" என்றாள். "அவ என்னம்மா பண்ணா உன்னை?" போனை வைத்துவிட்டாள்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். பெற்றவளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் அழுதிருக்கிறாளே என்று. அந்தக் கோபம் அடங்கிய பிறகுதான் கேட்டுக்கு ஓடி ரோட்டைப் பார்த்தேன். வெங்கடசாமியின் நம்பர் என்னிடம் இல்லை. காரின் நம்பரைக்கூடக் கவனிக்கவில்லை. இந்நேரம் கிருஷ்ணகிரி ரோட்டில் சூளகிரியைத் தாண்டியிருப்பார்கள்.

தோட்டத்திலிருந்து திரும்பிய சரோஜம்மாள் சுவரோரம் வந்து நின்றாள். கீழே கிடந்த பூவையும் கிழிந்த பட்டையையும் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"பூவோட வெட்டிட்டியா ராசாத்தி" என்றாள். "சரி போவுது. குழாய் அடைக்குதுன்னு மாடசாமி தம்பி சொல்லிட்டுத்தான் இருந்தாரு. நாங்கதான் எடுத்திருக்கணும்."

நான் தலையில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டேன்.

"கிருஷ்ணகிரிக்காரங்க வந்தாங்களா? நான்தான் உன்கிட்டக் கேக்கச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னாரு, அந்தம்மா உன் மேல கோவமா இருக்குதுன்னாரு. நான் சொன்னேன், ராசாத்தி கோவக்காரிதான், ஆனா பொய் பேசமாட்டா, எம்பொண்ணைச் சின்னதுல இருந்து பார்த்தவன்னு."

"அக்கா" என்றேன். மூன்று வருஷத்தில் முதல் முறை. அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்குள் போன் அடித்தது.

"அவங்களாத்தான் இருக்கும். இரு, பேசிட்டு வந்துடறேன். போயிடாத" என்று மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"சொல்லுங்க சம்பந்தி" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.