பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு மேடு

ஆய்வுக்கூடத்தில் அவளைச் 'சுருக்கம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். சிமெண்ட் கலவை இறுகும்போது எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பதுதான் பதினெட்டு வருடமாக அவள் வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் பட்டப்பெயரைக் கேட்டதும் முதலில் அவள் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

"முகத்துல இல்லப்பா, தொட்டியில," என்பாள்.

அவளுடைய சோதனை அறை பத்தடிக்கு எட்டடி. ஜன்னல் கிடையாது. வெப்பம் எப்போதும் இருபது டிகிரி. நடுவில் மேசைமேல் ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்புத் தொட்டி. அதில் கலவையை ஊற்றினால், ஒரு முனை அப்படியே நிற்கும்; மறுமுனையில் உள்ள தகடு கலவையோடு சேர்ந்து நகரும். தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊசி, ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் வெளியே இருக்கும் கணினிக்குச் சொல்லிவிடும். ஊற்றிய முதல் நாள்தான் முக்கியம். அந்த ஒரு நாளும் யாரும் உள்ளே போகக் கூடாது, அவள்கூட.

அதனால் அவள் பகலெல்லாம் கணினித் திரையில் ஊசி வரையும் கோட்டைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் வேலை செய்யும் கூடம் அடுத்த கட்டிடத்தில். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கேயும் யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவும் அவளும் இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். போன வருடம், ஐம்பத்தைந்து வயதில், அக்கா திடீரென்று ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். "நீயும் வந்து இங்கயே இரேன்டி, உங்க அத்தான் ஒண்ணும் சொல்லமாட்டார்," என்று போனில் சொல்வாள். ஒண்ணும் சொல்லமாட்டார் என்று சொல்லவேண்டியிருக்கிற வீட்டுக்கு எப்படிப் போவது? சனிக்கிழமை மாலை வாயை மூடினால் திங்கட்கிழமை காலைதான் திறக்கிற வாரங்கள் அவளுக்கு இருந்தன.

அந்த மாதம் ஒரு நிறுவனம் பாலங்களைப் பழுது பார்க்கும் கலவையை அனுப்பியிருந்தது. பூசிய மறுநாளே மயிரிழை மாதிரி வெடிப்பு விடுகிறதாம்; காரணம் வேண்டும் என்றார்கள்.

திங்களன்று எட்டு மணிக்குக் கலவையை ஊற்றினாள். சாப்பிட்டு வந்து பார்த்தால், இறங்கிக்கொண்டிருந்த கோட்டில் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு சின்ன மேடு. அரை மணி நேரம் ஏறி, பிறகு மெல்லத் தணிந்திருந்தது.

"கலவையிலயே ஏதாவது கோளாறு இருக்கும்," என்றார் மேலதிகாரி.

செவ்வாயன்று வேண்டுமென்றே பத்து மணிக்கு ஊற்றினாள். கலவையின் கோளாறு என்றால் மேடும் இரண்டு மணி நேரம் தள்ளிப்போக வேண்டும். போகவில்லை. அதே பன்னிரண்டு ஐம்பது.

"கலவைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது சார்," என்றாள்.

அறையின் வெப்பப் பதிவை எடுத்துப் பார்த்தாள். அதே நேரத்தில் முக்கால் டிகிரி ஏறியிருந்தது. ஒரு மனித உடம்பு அந்தச் சின்ன அறைக்குள் அரை மணி உட்கார்ந்தால் அவ்வளவு ஏறும்.

புதன்கிழமையும் புதிதாக ஊற்றிவிட்டு, சாப்பாட்டுக்குப் போகிறவள் மாதிரி போய், பாதியில் எழுந்து வந்தாள். கதவை மெதுவாகத் தள்ளினாள்.

மூலையில் ஸ்டூலைப் போட்டு, சுவரைப் பார்த்தபடி ஸ்டோர்காரர் உட்கார்ந்திருந்தார். எல்லா அறைகளின் மாற்றுச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். கூடத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு முடியாமல் போய், மூன்று மாதம் கழித்துத் திரும்பியவர், அதன்பின் யாரிடமும் பேசுவதில்லை. சீட்டைக் கொடுத்தால் தலையசைப்பார், சாமானை நீட்டுவார். பெரிய மனுஷனாயிட்டாரு என்று சொல்லிக்கொண்டார்கள்.

சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"க... கதவை... மூ... மூடி... வை... வைக்கவும்."

"சார்?"

அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. முகம் முழுக்க வியர்வை. இருபது டிகிரியில்.

"டா... டாக்டர்," என்றார். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்தார். "தினம்... சத்தமா... வாசிக்கச்... சொன்னார்."

"வீட்டுல வாசிக்கலாமே சார்?"

"லீவுக்கு... பேரப் பசங்க... வந்திருக்கு. சி... சிரிக்குதுங்க."

கதவு திறந்தே இருந்தது. உள்ளே வந்து அதைச் சாத்தினாள். சோதனை எப்படியும் கெட்டுப்போயாயிற்று.

"நீங்க வாசிங்க சார். நான் சிரிக்கமாட்டேன்."

அவர் சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அவர் ஸ்டூலை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைத் தாண்டிப் போனார்.

மூன்று சோதனையும் வீண் என்று மேலதிகாரியிடம் சொல்லவேண்டியிருந்தது.

"யார் உள்ளே போனது?"

"நான்தான் சார். சாப்பாட்டு வேளையில போய் உட்கார்ந்துட்டேன்."

"எதுக்கு?"

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "தனியா இருக்கணும்னு தோணுச்சு."

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். அந்த வராந்தாவில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஒரு எச்சரிக்கைக் கடிதம் அடித்துக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஸ்டோர் ஜன்னலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பின்னாடி தண்ணித் தொட்டி ரூம் இருக்குல்ல, கான்கிரீட் கட்டை ஊறப்போடுற இடம். சனிக்கிழமை மட்டும்தான் அங்க ஆள் வரும். யார் இருந்தாலும் கட்டைக்கு ஒண்ணும் ஆகாது. அங்க வாசிங்க."

அவர் தலையசைத்தார்.

"வேணும்னா நானும் கூட வந்து..."

இந்த முறை தலை பக்கவாட்டில் ஆடியது. கோபமில்லை, வேண்டாம், அவ்வளவுதான். அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும், வராந்தாவுக்குத் திரும்பும்வரை முகம் சூடாகவே இருந்தது.

அடுத்த வாரம் எடுத்த கோட்டில் ஒரு பிசிறுகூட இல்லை. கலவை மொத்தமாகச் சுருங்கியதில் பாதிக்குமேல் முதல் ஆறு மணி நேரத்திலேயே நடந்திருந்தது. பூசிய அரை மணிக்குள் ஈரச் சாக்கால் மூட வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். அடுத்த பூச்சில் வெடிப்பு வரவில்லை என்று நிறுவனத்திலிருந்து நன்றி சொல்லி எழுதினார்கள். அதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டாள்.

"பாலத்துல வெடிப்புன்னா பூசிட்டுப் போகவேண்டியதுதானே, அதுக்கா இத்தனை நாள்?" என்றாள் அக்கா. "சரி, உங்க அத்தானோட ஆளுங்க வந்திருக்காங்க. அப்புறம் பேசட்டுமா?"

"சரிக்கா."

இரண்டு மாதம் கழித்து, அச்சுக்குத் தடவும் கிரீஸ் தீர்ந்துபோய் ஸ்டோருக்குப் போனாள். பின்னால் மூன்று பேர் வரிசையில். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு டப்பா... போதுமா?"

வரிசையில் பேச்சு சட்டென்று நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தார்.

"போதும் சார்."

"புது... சரக்கு. நல்லா... இருக்கும்."

அன்று முழுக்க அவளிடம் மற்றவர் பேசிய பேச்சு அவ்வளவுதான். வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் காலை மறுபடியும் ஸ்டோர் ஜன்னலில் நின்றாள். என்ன கேட்பது என்று யோசித்து வரவில்லை.

"என்ன... வேணும்?"

"கிரீஸ்."

"நேத்துதான்... வாங்குனீங்க."

"தீர்ந்துபோச்சு சார்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து, மூடியைத் துணியால் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.