கூப்பிட்ட பெயர்

ஆண்டியப்பன் மகளைத் தூக்குவதை நிறுத்திவிட்டான். அவன் மனைவி பூரணி முதலில் கவனித்தது அதைத்தான். காலையில் எழுந்ததும் குழந்தை சுலக்ஷனா ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். முன்பெல்லாம் அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொள்பவன், இப்போது "அம்மாகிட்டப் போ" என்று தள்ளிவிட்டான்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தனக்கென்று ஒரு கோப்பையை ஒதுக்கிக்கொண்டான். அதை அவனே கழுவினான். வட்டவளை மலைத்தோட்டத்துக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைத்து, அதற்குக் கீழே தனியாகப் பாயை விரித்தான். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. ஏன் இந்த இருமல் என்று கேட்டால், தேயிலைத் தொழிற்சாலைத் தூசி என்றான்.

ஒருநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரையில் நின்ற ஜீவராணி, தலை நிமிராமலே சொன்னாள்.

"நாம மலைக்கு ஏறினதும் உங்க வீட்டுக்காரரு ஹட்டன் பஸ்ஸுல ஏறிடுறாராமே. தெனமும் பார்க்கிறாங்களாம்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பூரணிக்குக் கொழுந்துக் கூடை சட்டென்று கனத்தது. ஆண்டியப்பனுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. காலையில் தூங்குவதாகத்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று இரவு சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "காலையில எங்கயாச்சும் போனீங்களா?"

"எங்க போறது? நல்லாத் தூங்கிட்டேன்."

அவ்வளவு சாதாரணமாகப் பொய் சொன்னான். யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தனிப் பாய், தனிக் கோப்பை, பிள்ளையைக்கூடத் தொடாத கை, எல்லாம் அந்த ஒரு கணக்கில் சரியாகப் பொருந்தின.

மறுநாள் மகளை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பூரணி வேலைக்குப் போகவில்லை. துவாயால் தலையை மூடிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக பஸ்ஸின் பின்கதவால் ஏறினாள். ஆண்டியப்பன் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹட்டனில் இறங்கி அவன் கடைத்தெருப் பக்கம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தான். இங்கே வேலை செய்கிறவளா என்று நினைத்தபடி அவள் பின்னாலேயே போனாள்.

கடைசிக் கட்டிடத்துக்கு வெளியே போட்டிருந்த மர வாங்கில் அவன் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து தாதி ஒருத்தி எட்டிப்பார்த்து, "சிவநாதன்!" என்று கூப்பிட்டாள்.

ஆண்டியப்பன் எழுந்தான். தாதியின் முன்னாலேயே மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். திரும்பியபோது எதிரே பூரணி நின்றாள்.

"யாருங்க சிவநாதன்?"

"நீ எப்படி இங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எதுக்கு வேற பேரு? யாருக்குப் பயந்து?"

அவன் அவளைச் சுவரோரமாக அழைத்துப்போனான். உதடு அசைவது மட்டுமே தெரிகிற மாதிரி, "டீபி" என்றான்.

பூரணியின் கால்கள் தாமாகப் பின்னால் நகர்ந்தன. அதை அவன் பார்த்துவிட்டான்.

"பார்த்தியா? இதுக்குத்தான் சொல்லல."

"ஒரே காம்பராவுல எம்புள்ளையும் படுக்குதுங்க. எங்கிட்டப் போயி மறைச்சீங்களே!"

"வீரம்மாக்காவுக்கு வந்தப்ப நீ என்ன செஞ்ச? புள்ளைய அந்தப் பக்கமே விடல. அவுங்க கூப்பிட்டாக்கூடக் காது கேக்காத மாதிரி வந்த. எனக்குத் தெரியாதா?"

போன வருடம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா கஜேந்திரன் உரக்கச் சொன்னார்: "வீரம்மாவுக்கு டீபி. எல்லாரும் பார்த்து நடந்துக்குங்க." வீரம்மா மருந்து குடித்துக் குணமாகி மாதக்கணக்காகிவிட்டது. இன்னமும் அவள் நிரைக்குப் பக்கத்தில் நிற்க ஆட்கள் யோசித்தார்கள். பூரணியும்தான்.

சத்தம் கேட்டு டொக்டர் நஸ்லியா வெளியே வந்தார். இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். யார் இந்தப் பெண் என்று ஆண்டியப்பனிடம் கேட்டு, அவள் முன்னால் பேசலாமா என்றும் கேட்டார். அவன் தலையாட்டினான். பெயர் பொய் என்பதையும் அவனே சொன்னான்.

"அதான் எங்க ஆள் தலவாக்கலை வரைக்கும் போயி உங்களைத் தேடிட்டு வந்தாரா?" டொக்டரின் குரலில் கோபம் இருந்தது. "வீட்டுல இருக்கிறவங்களைச் சோதிக்கத்தான் விலாசம் கேக்கிறது. நீங்க குடுத்த பொய் விலாசத்தால உங்க புள்ளையை இதுவரைக்கும் யாரும் பார்க்கல."

பூரணி விடவில்லை.

"உண்மைப் பேரைச் சொன்னா விஷயம் தோட்டத்துக்குப் போயிருங்க டொக்டர். ஐயா பெரட்டுல சொல்லிருவாரு."

"அவரு அப்படிச் சொல்லக்கூடாது. நோயாளியோட விஷயம் நோயாளியோடது. சொன்னா நீங்க முறையிடலாம்."

"யாருகிட்ட? நாங்க சொன்னா யாரு கேப்பா?"

"சுகாதார வைத்திய அதிகாரிகிட்ட. கேட்டுருவாங்கனு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதுவரைக்கும் யாரும் போயிச் சொன்னதில்ல."

அந்தப் பதிலில் ஏனோ பூரணிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நிச்சயம் நடக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

பரிசோதனையில் பூரணிக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மகளின் உடம்புக்குள் கிருமி போயிருந்தது. நோயாக மாறவில்லை, மாறாமலிருக்க மாத்திரை கொடுக்கலாம் என்றார்கள். பூரணி அதைக் கேட்டு அழுதாள். ஆண்டியப்பனோடு பல நாள் பேசவில்லை. அவன் மாத்திரையை நிஜமாகவே விழுங்குகிறானா என்று பார்க்க, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் ஹட்டனுக்குப் போனாள். விழுங்கினான்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்துபோனார். மறுநாள் பெரட்டில் கஜேந்திரன் நேராக அவளிடம் வந்தார்.

"என்ன பூரணி, ஹெல்த் ஆளு உன் காம்பராவுக்கு வந்தாராமே? யாருக்கு என்ன?"

எல்லாத் தலைகளும் திரும்பின.

"அது எங்களுக்கும் டொக்டருக்கும் உள்ள பேச்சுங்க ஐயா."

"நாளைக்கு நாலு பேருக்கு ஒட்டிக்கிட்டா?"

"அதுக்குத்தான் டொக்டர் இருக்காங்க." குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள். மலைக்கு ஏறும்போது முன்னால் போன பெண்கள் குசுகுசுத்துக்கொண்டே போனார்கள்.

அன்று வேலை விட்டதும் வீரம்மாவின் காம்பராவுக்குப் போனாள். வீரம்மா வாசலிலேயே நின்றாள்.

"என்ன, வழி தவறி வந்துட்டியா?"

"ஐயா மேல முறையிடப் போறேங்க அக்கா. நீங்களும் வரணும்."

"என்னைய வச்சு என்ன பண்ணப் பார்க்கிற?"

"ஒண்ணும் பண்ணலக்கா. உங்களுக்கு நடந்ததை நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"உன் வீட்டுக்கு வந்ததும்தான் என் ஞாபகம் வருதா?"

"ஆமாங்க அக்கா" என்றாள் பூரணி. வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

வீரம்மா உள்ளே கூப்பிடவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்றும் கேட்கவில்லை. "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுகாதார அலுவலகத்தில் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஓர் ஊழியர் மொழிபெயர்த்தார். சொன்னதையெல்லாம் இவர் சொல்கிறாரா என்று பூரணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வீரம்மா குறுக்கிட்டாள்.

"தம்பி, எனக்குச் சிங்களம் வெளங்கும். நான் அழுதேன்னு சொல்லல. எங்கிட்டக் கேக்காம எம்பேரைச் சொன்னாருன்னு சொன்னேன். அதைச் சொல்லுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வீரம்மா சிங்களத்திலேயே சொன்னாள்.

கஜேந்திரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நல்லதுக்குத்தான் சொன்னேன், மற்றவர்கள் கவனமாக இருக்கவேண்டுமென்று சொன்னேன் என்றாராம். அதற்குப் பிறகு பெரட்டில் யாருடைய நோயையும் அவர் சொல்லவில்லை. டிஸ்பென்சரியில் ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் வெளியே நிற்கவேண்டும் என்று ஆனது. பூரணிக்கு மட்டும் மருந்து கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். இது என்ன மருந்து, எதற்கு என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

மழை விட்டு வெயில் வந்த மாதத்தில் ஆண்டியப்பனின் மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று டொக்டர் சொன்னார். அதே வாரம் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற, இருமிக்கொண்டிருந்த லோஜனை அவன் ஹட்டனுக்குக் கூட்டிப்போனான். தனக்கு வந்திருந்ததை அவனிடம் தானே சொன்னான். ஆஸ்பத்திரி ஜன்னலருகே பெயர் கேட்டபோது லோஜன் தயங்கி இவன் முகத்தைப் பார்த்தானாம்.

"உன் பேரையே சொல்லு" என்றானாம் ஆண்டியப்பன்.