கொடி மாறிய கேட்

அண்ணன் சுன் தெசாங் இருபது வருஷத்துக்கு மேல் சீனத் தூதரகத்தின் வண்டியை ஓட்டினார். சீனா என்றால் தைவான். அப்போது சியோலில் வேறு சீனா கிடையாது.

நாங்கள் தைவானைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், ஷாண்டோங்கில் மூபிங்கை ஒட்டிய கிராமம். அப்பா எங்கள் இரண்டு பேரையும் படகில் ஏற்றி இன்ச்சியோனுக்குக் கொரியாவுக்குக் கூட்டி வந்தபோது, அம்மாவும் இரண்டு தம்பிகளும் பின்னால் வருவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் சண்டை வந்து, ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய், கடல்வழி அடைபட்டுப் போயிற்று. எங்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்ததும், கல்யாணங்களைப் பதிந்ததும் மியோங்டோங்கில் இருந்த அந்தத் தூதரகம்தான். ஏதாவது தகராறு என்றால் ஓடி நிற்பதும் அங்கேதான்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷக் கோடையிலேயே காற்று திரும்பிவிட்டது. அண்ணன் என் நூடுல்ஸ் கடைக்கு வந்து உட்கார்ந்து சொன்னார்:

"கொரியா அதிகாரிங்களைத் தூதரக விருந்துக்குக் கூப்பிட்டா இப்பல்லாம் எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்து வலி வருதுடா."

ஆகஸ்டில் செய்தி வந்தது. கொரியா பெய்ஜிங்கோடு கை கோத்துவிட்டது, தூதரகத்தைக் காலி செய்ய வேண்டும். கொடி இறங்கிய அன்று நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். முற்றம் கொள்ளாத கூட்டம். பாட ஆரம்பித்தவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வெள்ளைக் கையுறையோடு வண்டி பக்கத்தில் நின்றபடி தேம்பிக்கொண்டிருந்தார். அப்பாவைப் புதைத்தபோதுகூட அவர் அழவில்லை.

சாயங்காலம் அவர் முன்னால் சூப்பை வைத்துவிட்டு, மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, இனிமே அம்மாவைப் போய்ப் பாக்கலாம்ல?"

"வாயை மூடுடா. இன்னிக்கு நம்ம வீட்ல இழவு. நீ பொண்ணு பாக்கக் கிளம்பறே."

சூப்பைத் தொடாமல் எழுந்து போனார்.

கொஞ்ச நாளில் அதே கேட்டில் பெய்ஜிங்கின் கொடி ஏறியது. அண்ணன் டாக்சி ஓட்டப் போனார். மியோங்டோங் என்று யாராவது ஏறினால் தெருமுனையிலேயே இறக்கிவிடுவாராம். "இதுக்கு மேல போகாதுங்க." ஏன் என்று கேட்டால் என்ஜினைக் குறை சொல்வார். என் கடை அந்தத் தெருவில் இருந்ததால் எனக்கும் அவர் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

வசந்தத்தில் தம்பி ஊரிலிருந்து எழுதினான். அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பெரியவனைக் கேட்கிறாள் என்றான். நான் புதுத் தூதரகத்தில் விசாரித்தேன். அவரவர் நேரில் வந்தால்தான் பயண அனுமதி தருவார்கள் என்றார்கள். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார்.

"எப்படா தொறப்பாங்க?"

மறுநாள் கேட்டில் நின்ற கொரியப் போலீஸ்காரர் பழைய ஆள்தான்.

"அட, சுன் அண்ணன்! வண்டி எங்க?"

"வண்டியும் போச்சு, வேலையும் போச்சு. உள்ள விடுய்யா."

கவுண்ட்டரில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். அண்ணன் தைவான் பாஸ்போர்ட்டை அவள் முன்னால் வைத்தார்.

"இதை மாத்தச் சொன்னா எழுந்து போயிடுவேன்."

"யாரும் மாத்தச் சொல்லலையே ஐயா. முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க மூபிங் பக்கமா? எங்க தாத்தா அச்சு அசலா இப்படித்தான் பேசுவார். இப்ப ஊர்ல யாரும் இப்படிப் பேசறதில்லை. இன்னும் கொஞ்சம் பேசுங்களேன்."

"பேசவா வந்தேன்? முத்திரையைக் குத்தும்மா."

வெளியே வந்ததும் சிரித்துவிட்டார். "பொல்லாத பொண்ணுடா."

இன்ச்சியோனில் கப்பல் ஏறி வெய்ஹாயில் இறங்கினோம். அம்மா அடுப்புச் சூடு ஏறும் மண்கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் என் கன்னத்தைக் கிள்ளினாள். அண்ணனை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ செத்துட்டேன்னு சொல்லிட்டேன்டா," என்றாள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. தம்பிதான் விளக்கினான். எதிரியின் தூதரகத்தில் மகன் வேலை பார்க்கிறான் என்று தெரிந்தால் அந்த வருஷங்களில் வீட்டையே உலுக்கியிருப்பார்கள். எங்கள் சேதி ஒரு உறவுக்காரர் வாய்வழி வந்தபோது, அம்மா ஊர் கேட்க அழுது, மூத்தவன் கொரியாவில் செத்தான் என்று ஒப்பாரி வைத்திருக்கிறாள். அக்கம்பக்கம் வந்து துக்கம் கேட்டுப் போனார்களாம்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லாத்தான் பண்ணியிருக்கே அம்மா."

"என்ன நல்லா? வாயில வரக்கூடாத வார்த்தைடா அது. ஒரு வருஷம் எனக்குச் சோறு இறங்கல."

மறுநாள் காலையில் அம்மா தன்னைத் தள்ளுவண்டியில் உட்கார வைக்கச் சொன்னாள். அண்ணன்தான் தள்ளினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தச் சொல்லி, அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

"இவன்தான் என் மூத்தவன். செத்துட்டான்னு சொன்னேனே, அவன்தான். நல்லாப் பாத்துக்கோங்க."