மாமனார் உட்கார்ந்த வகுப்பு

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தாலும் ஜெயசீலிக்கு இப்படித் தலை வலித்ததில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் வெள்ளைத்துரை வீட்டில் ஒரே ஒரு மாணவிதான், அவருடைய மருமகள் யோகேஸ்வரி. ஆனால் ரெண்டு வாரமாக அவள் வாயிலிருந்து ஒரு ஆங்கில வாக்கியம் முழுதாக வெளிவரவில்லை.

இத்தனைக்கும் யோகேஸ்வரி பி.காம். படித்தவள். வெள்ளிக்கிழமை நைரோபி வியாபாரியிடம் வீடியோவில் பேசி ஆர்டரை முடித்துவிட்டால், வெளிநாட்டு ஆர்டர் முழுவதும் இனி அவள் பொறுப்பு. இல்லையென்றால் கோயம்புத்தூரிலிருந்து வெள்ளைத்துரையின் அக்கா மகன் வந்து ஆபீசில் அந்த ஆர்டர் மேஜையில் உட்கார்ந்துகொள்வான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கண் வைத்திருந்த மேஜை அது.

"உங்க கம்பெனியப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்க யோகேஸ்வரி."

"காலண்டர் டீச்சரம்மா! டெய்லி, மன்த்லி, எல்லாம் ஃபுல் கலர்!" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை.

"அண்ணாச்சி, நான் அவங்களக் கேட்டேன்."

"அவ கூச்சப்படுதா. நல்லா படிச்ச புள்ள. சொல்லு தாயி."

யோகேஸ்வரி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி தரையைப் பார்த்தாள். மாமனார் முன்னால் மருமகள் உட்காராத, குரல் உயர்த்தாத வீடு அது. ஜெயசீலி வகுப்பை மாடிக்கு மாற்றிப் பார்த்தாள். "மேல நல்லா காத்து வருதே" என்று அவரும் மாடியேறி வந்தார். காபி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுப்படிக்குக் குரல் கொடுத்தார்.

"நல்ல இங்கிலீஷ் டீச்சருக்குப் பொறுமை வேணும் ஜெயா" என்று வீட்டில் அவள் கணவன் நேசகுமார் உபதேசம் செய்தான்.

"நீங்க ஒரு நாள் வந்து அந்த மனுசன் எதிர்ல உக்காந்து பாருங்க. அப்புறம் பேசுவோம்."

வியாழக்கிழமை அவளுக்குப் பொறுமை தீர்ந்துபோயிற்று.

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்கதான் படிக்கணும். நான் நைரோபி ஆளு. பேசுங்க."

அவர் உற்சாகமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். போன வருஷம் லோடு ஏன் தாமதமானது, இந்த வருஷம் எப்போது வந்து சேரும் என்று ஜெயசீலி வேண்டுமென்றே ஆங்கிலத்தில் படபடவென்று கேட்டாள்.

"லோடு... ஷிப்பு... கமிங், கமிங்."

"வென்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியாள் முன்னால் அவர் அப்படி முழித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. யோகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் வந்தாள். போன வருஷம் துறைமுகத்தில் மழை என்றாள். இந்த முறை ஆடிப்பெருக்குக்கு மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளியிட்ட கையோடு உங்கள் ஆர்டர் அச்சுக்குப் போகிறது, நவம்பரில் தூத்துக்குடியிலிருந்து லோடு கிளம்பிவிடும், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில்.

ரெண்டு இடத்தில் தப்பு விழுந்தது. ஜெயசீலிக்கு நாக்கு துறுதுறுத்தது. இப்போது திருத்தினால் அந்தக் குரல் மறுபடி உள்ளே போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேசி முடித்த பிறகுதான் யோகேஸ்வரி வாயைப் பொத்தினாள்.

"இம்புட்டும் தெரியுமா தாயி?" வெள்ளைத்துரை ஜெயசீலி பக்கம் திரும்பினார். "அப்ப நாந்தான் குறுக்க கெடந்தேனா டீச்சரம்மா?"

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு வாரமா!"

"நாளைக்கு நான் மெஷின் பக்கம் போயிருதேன்."

"வேண்டாம் மாமா" என்றாள் யோகேஸ்வரி மெதுவாக. "இங்கனயே இருங்க. நீங்க முழிச்சாத்தான் எனக்குப் பேச்சு வருது."

ஜெயசீலி தலையில் கைவைத்துக்கொண்டாள். எந்தப் பயிற்சியிலும் இதை அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளைத்துரைதான் ஆரம்பித்தார். "ஹலோ சார்" என்றதோடு நின்றுபோனார். நிஜமாகவே பேச்சு நின்றதா, வேண்டுமென்றே நிறுத்தினாரா என்று ஜெயசீலிக்குத் தெரியவில்லை. யோகேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் நைசாக எழுந்து வாசலுக்கு வந்து போனை எடுத்தார். "ஏலே, நீ கோயம்புத்தூர்லயே இருந்துக்க. இங்க ஆளு இருக்கு."

ஜெயசீலி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றாள். யோகேஸ்வரி அட்டைப்பெட்டி அளவு பற்றி நைரோபிக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் போனதை அவள் கவனிக்கவே இல்லை.