ஒரு மதியத்து வேலை

அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது அப்பா மிஷினிலிருந்து பழைய ரௌட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடக்கத்துக்குப் போட்டுப்போன சட்டையை இன்னும் மாற்றவில்லை. கைகளை மட்டும் முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"எல்லாரும் உங்களத் தேடறாங்கப்பா."

"இதக் கொஞ்சம் பிடி," என்றார் அப்பா.

பிடித்தாள். கிளாம்பின் கடைசித் திருகு கழன்றதும் மொத்தக் கனமும் அவள் கைக்கு இறங்கியது. கணினி சொல்கிறபடி முன்னும் பின்னும் நகர்ந்து, பலகையில் பூவும் எழுத்தும் வெட்டுகிற மிஷின் அது. இத்தனை நாளும் அதற்கு வாயாக இருந்தது ரௌட்டர் என்கிற இந்த மோட்டார்தான். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இந்த வீட்டில் கத்திக்கொண்டிருந்தது. அது ஓட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். அம்மா அதற்கு மூத்தவள் என்று பெயர் வைத்திருந்தாள். உங்க மூத்தவ வாயை மூடட்டும், அப்புறம் நான் பேசறேன் என்பாள்.

பேசவும் செய்வாள். அந்த வீட்டில் பேச்சு என்பதே ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் நடப்பதுதான். ஒரு பலகையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பூட்டும் இடைவெளியில் அப்பா காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து, என்ன என்று கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. அம்மா அதுவரை சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டுவாள். மாத்திரை தீர்ந்தது, மகள் போன் பண்ணினது, குழாய் ஒழுகுவது. இதயம் பலவீனமாகி அவள் படுக்கையோடு ஆன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

நேற்று அப்பா ஓட்டியது ஒரு பெரிய கதவுப் பலகை. இலையும் கொடியுமாக இழையிழையாகச் செதுக்க வேண்டிய வேலை. காலையில் தொடங்கினால் மதியம் வரை இடைவெளியே கிடையாது; நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழும். முடித்துவிட்டு அவர் காதுமூடியைத் தூக்கி, என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து, கைகழுவிவிட்டு, மாத்திரையும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு போனார்.

தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை அவள். இவளிடம் மட்டும், சமையலறையில் வைத்து, தாழ்ந்த குரலில் வேறொன்று சொன்னாள். அம்மாவின் ஒரு கால் கட்டிலை விட்டு இறங்கியிருந்ததாம். பாதம் தரையில் ஊன்றியிருந்ததாம். அண்ணன் தன்னிடம் சொன்னதாகவும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னாள்.

ரௌட்டரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். கீழ வெச்சுடு என்றார் அப்பா. பிறகு மூலையில் இருந்த அட்டைப்பெட்டியின் பக்கம் போனார்.

புது மோட்டார் அதற்குள் இருந்தது. ஸ்பிண்டில் என்பார்கள். இந்த வேலைக்கென்றே செய்தது, உள்ளே தண்ணீர் ஓடிக் குளிர்வது, அதனால் காற்றாடியின் இரைச்சல் கிடையாது. போன வருஷம் அவள்தான் வற்புறுத்தி வாங்க வைத்தாள். அம்மா நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்றாள். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்பெட்டியை வந்த வாரமே சுவரில் மாட்டினார். ஒயர் இழுத்தார். புது மோட்டார் பருமன் என்பதால் பெரிய கிளாம்ப் ஒன்றையும் கடைந்து வைத்தார். மாற்றுவது மட்டும் பாக்கி. இந்த ஆர்டர் முடியட்டும் என்பார். அது முடிவதற்குள் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். மோட்டார் போட்டாச்சா என்று முதலில் போனில் நச்சரித்துக்கொண்டிருந்த அவளும் நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டாள். நடமாட்டம் இருந்தவரை அம்மா அந்தப் பெட்டியின்மேல் மடித்த துணிகளை அடுக்கிவைத்துக்கொண்டாள்.

துணிகள் இன்னும் இருந்தன. மேலே மரத்தூள் படிந்திருந்தது. அப்பா மடிப்புக் கலையாமல் அவற்றை இரண்டு கைகளாலும் தூக்கி முக்காலியில் வைத்தார்.

மாமா வாசலில் வந்து நின்றார். அம்மாவின் தம்பி. என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே கேட்டார். அப்பா ரௌட்டரை மாற்றுகிறார் என்று அவள் சொன்னாள்.

"இன்டர்நெட்டு நல்லாத்தானே வருது மாமா," என்று அப்பாவிடம் சொன்னார் அவர். "இன்னிக்குப் போய் எதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் உதடும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அம்மா மட்டும் இதைக் கேட்டிருந்தால் தம்பியை ஒரு மாதத்துக்கு ஓட்டித் தீர்த்திருப்பாள். அந்த நினைப்பு இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். அப்பா சட்டென்று குனிந்து தரையில் எதையோ தேடினார். மாமா சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

வேலை தடங்கலில்லாமல் நடந்தது. கிளாம்பை மாட்டினார்கள். அவள் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்க, அவர் மூலைமட்டம் வைத்து அது நேராக நிற்கிறதா என்று பார்த்துத் திருகுகளை இறுக்கினார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, சின்ன பம்பை அதற்குள் இறக்கி, தண்ணீர் போகவும் வரவும் இரண்டு மெல்லிய பைப்புகளை மோட்டாரின் தலையில் செருகினார். ஒயரைப் பூட்டினார். ஜன்னல் வழியாக மேசையில் விழுந்த வெயில் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

"இவ்ளோதான்," என்றார் அப்பா. கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னார். "இவ்ளோதான் வேல."

அவள் தரையில் கிடந்த பழைய திருகுகளைப் பொறுக்கினாள்.

கதவுப் பலகையில் மிஞ்சிய துண்டு ஒன்றை மேசையில் பூட்டி மிஷினை ஓட்டினார். தூரத்து அறையில் மின்விசிறி சுற்றுவது போல ஒரு முனகல். மரம் சீவப்படுகிற சரசரப்பு அதன்மேல் தனியாகக் கேட்டது. பழக்கத்தில் காதுமூடிக்குப் போன கை பாதியில் நின்று திரும்பியது.

"பாப்பா, ரூமுக்குப் போ. கட்டில்கிட்ட நின்னு என்னைக் கூப்பிடு."

"எதுக்குப்பா?"

"கூப்பிடேன். கத்தக் கூடாது. அம்மா கூப்பிடற மாதிரி."

முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் ஏற்கெனவே சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவள் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் அவளைக் கண்டதும் பேச்சைக் குறைத்தார்கள்.

கட்டிலில் மெத்தை இல்லை. பலகைகளுக்கு நடுவே தரை தெரிந்தது. அம்மா இறங்கப் பார்த்த பக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அவள் அங்கே நின்று காது கொடுத்தாள். மோட்டார் ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது கேட்கும். அதற்கு மேல், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தொண்டையைக் கனைத்தது கேட்டது. ஸ்பானரை மேசையில் வைத்தது கேட்டது. செருப்பு தரையில் இழுபட்டது கேட்டது.

கூப்பிட்டால் போதும். குரலை உயர்த்தவே வேண்டாம். வந்து நிற்பார். அப்புறம் அவர் இருக்கிற வரைக்கும் இந்த வாசலில் வந்து நின்றுகொண்டே இருப்பார்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஒரு தடவை கூப்பிட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு இன்னொரு தடவைக்கும் நின்றாள்.

திரும்பி வந்து பட்டறைக் கதவைச் சாத்தியபோது அப்பா அதே இடத்தில், ஒரு காதைச் சுவரின் பக்கம் சாய்த்தபடி நின்றிருந்தார்.

"கூப்பிட்டியா?"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்பா."

"நல்லா?"

"ம்."

"எனக்குக் கேக்கல," என்றார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவரு தடிச்ச சுவருப்பா."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். காலையிலிருந்து தூக்கிப் பிடித்தது போல இருந்த தோள்கள் கொஞ்சம் இறங்கின. முக்காலியில் துணி இருந்ததால் மேசையின் விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

"அவ குரல் உன்னோடதவிட மெல்லிசு," என்றார். "அப்ப இத மாட்டியிருந்தாலும்..."

"ஆமாப்பா."

சமையலறை வீட்டின் கடைசியில், படுக்கையறையையும் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து அத்தை கூப்பிட்டாள். துக்க வீடு என்பதால் குரலை அடக்கித்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, டீ ஆறுது."

அத்தை சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் தலை கதவுப் பக்கம் திரும்பிவிட்டது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பலகைத் துண்டிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தது. அவள் அதையே பார்த்தாள். அவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. வருகிறேன் என்று அத்தைக்குப் பதில் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வாளியின் அருகே குந்தி உட்கார்ந்து, தண்ணீர் சூடாகியிருக்கிறதா என்று பார்ப்பது போல உள்ளே கையை விட்டார். அதற்குள் சூடாகியிருக்காது. பம்ப் தண்ணீரை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது, பைப் வழியாக அது திரும்பி வந்து அவர் மணிக்கட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சுருட்டிவிட்ட சட்டைக் கை அவிழ்ந்து நனைந்தது. அவர் கையை எடுக்கவில்லை.