கேற்றில் விழுந்த கண்

சனிக்கிழமை காலையில் றபீக்கா கேற்றைத் திறக்க வந்தபோது, தகட்டின் வெளிப்பக்கத்தில் சோக்கால் ஒரு கண் கீறியிருந்தது. அதன் கீழே மூன்று கோடுகள். வீட்டில் இருப்பதும் மூன்று பேர்: அவள், கணவன் றவூப், மகள் நிஸ்றா.

அந்தக் கண்ணை அவள் முன்பே கண்டிருக்கிறாள். எங்கே என்பது பிடிபடவில்லை.

ஒழுங்கையில் ஆறு கேற்றுகளில் கண் இருந்தது. கச்சி முகம்மது வீட்டில் இரண்டு கோடு. அங்கே அவரும் மகளும்தான். முன்வீட்டு ஜிப்ரியின் கேற்றில் ஆறு. அவர் வீட்டில் ஐந்து பேர்தான், ஆனால் மகளின் வயிற்றில் இருப்பதையும் சேர்த்து அவரே கணக்கை நேராக்கினார். மற்ற மூன்று வீடுகளில் கணக்கு இடித்தது. இடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

“டெங்குக்காரனுகள் போட்டதாக்கும்,” என்றான் றவூப்.

“டெங்குக்காரனுக்குக் கண் என்னத்துக்குடா? நுளம்பத்தானே கீறியிரிக்கணும்,” என்றார் ஜிப்ரி.

அப்போதுதான் றபீக்காவுக்குப் பிடிபட்டது. “காக்கா, இத நான் தொண்ணூறில கண்டிரிக்கன்.”

பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்ற வருஷம் அது. அவளுக்கு அப்போது பத்து வயது. அவள் அதைச் சொன்ன பிறகு ஒழுங்கையில் யாரும் டெங்குவைப் பற்றிப் பேசவில்லை.

“எங்க கண்ட?” என்றான் றவூப்.

“அது தெரியா. இதே கண். கோடும் இருந்த.”

“எந்த வீட்டில எத்தின பேரெண்டு வெளியாக்கள் ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டார் ஜிப்ரி.

“மீன்காரர் கேக்கிறவர்தானே.” இதைச் சொன்னதும் றபீக்காதான்.

யோகராசா வாவிக்கு அக்கரையில் இருக்கும் தமிழ் ஊரான பழுகாமத்து ஆள். பதினொரு வருஷமாக மண்முனைப் பாலத்தால் பைக்கில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு கேற்றிலும், “இண்டைக்கு எத்தின பேர் தங்கச்சி?” என்று கேட்டு, ஆளுக்குத் தக்கபடி தெரிந்தெடுத்துப் போடுவார். நிறுத்த பிறகு மேலும் ஒரு மீன் சேர்த்து வைப்பார். நேற்றுவரை அது நல்ல குணமாக இருந்தது. இன்று அது உளவு.

“நாளைக்கு வரட்டும். பைக்கப் புடிச்சி வெச்சிக் கேப்பம்,” என்றார் ஜிப்ரி. கேட்பது வாயால் மட்டும் இருக்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

றபீக்காவுக்கு அன்று முழுக்க எல்லோர் மீதும் சந்தேகம். நிஸ்றா முந்தின நாளிலிருந்து வாய் திறக்காமல் இருந்தாள். அதுவும் சரியாகப் படவில்லை. ஞாயிறு காலை மகள் முகம் கழுவப் போன நேரம் மெத்தையைத் தூக்கினாள். பழைய புத்தகம் ஒன்று. அட்டையில் கண், கீழே மூன்று கோடு. மூன்றாம் பாகம்.

குளத்துக்கு அடியில் இருக்கும் நாட்டுக்குப் போகும் பிள்ளைகளின் கதை. ஆறு பாகங்களையும் அவள் படித்திருக்கிறாள். தொண்ணூறில்தான். வாப்பா வெளியே விடாத மாதங்களில் திரும்பத் திரும்ப அதைத்தான் படித்தாள். வெளியே கேட்ட வெடியும் அட்டையில் இருந்த கண்ணும் தலைக்குள் ஒன்றாக ஒட்டிக் கிடந்திருக்கின்றன. எந்தக் கேற்றிலும் அவள் எதையும் காணவில்லை.

“கேற்றில ஆர் கீறின?”

“நாங்கதான் உம்மா,” என்றாள் நிஸ்றா. “ஸுஹைனா டீச்சர்ட புத்தகம். ஆறு பேர், ஆறு பாகம். எது எந்த வீட்டில கெடக்கெண்டு தெரியத்தான். வெள்ளிக்கு வெள்ளி மாத்துவம்.”

“நேத்தே ஏண்டி சொல்லல்ல?”

“சோதின முடியங்காட்டியும் கதப் புத்தகம் தொட்டா கைய முறிப்பன் எண்டு நீங்கதானே சொன்ன.”

வெளியே மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டது. பிறகு பெட்டி விழுந்த சத்தம்.

றபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புத்தகத்தோடு ஓடினாள். ஐஸும் மணலை மீனும் மண்ணில் கிடந்தன. யோகராசாவின் சட்டைக் கொலர் இரண்டு பேரின் கையில் இருந்தது.

“விடுங்க காக்கா. இது புள்ளையள்ற வேல.”

ஜிப்ரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “இத ஆர் குடுத்த? இவன்தான் குடுத்திருப்பான்.”

“உங்கட பேத்திக்கிட்டக் கேளுங்க. ஆறாம் பாகம் உங்கட வீட்டிலதான் கெடக்கு.”

ஜிப்ரி உள்ளே போனார். திரும்பி வரவில்லை. கொலரைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. றவூப் மட்டும் குனிந்து மீனைப் பொறுக்கினான். தொண்ணூறைப் பற்றி றபீக்கா வாய் திறக்கவில்லை.

மூன்று நாள் ஹோர்ன் கேட்கவில்லை. வியாழக்கிழமை கேட்டது. யோகராசா கேற்றடியில் நின்றார். எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

“மூண்டு பேர் அண்ணன்,” என்றாள் றபீக்கா.

அவர் மீனைத் தெரிந்தெடுத்துத் தராசில் போட்டார். “தொண்ணூறில கண்டதெண்டு ஆரோ ஒரு பொம்புள சொன்னதாம். ஆர் தங்கச்சி அது?”

“தெரியாண்ணன்.”

கழுவியும் முழுதாகப் போகாத கண் கேற்றில் இருந்தது. யோகராசா அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். நிறுவை சரியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு மீன் வைக்காமல் பெட்டியை மூடினார்.