மூன்று வினாடி நிறுத்தம்

நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் பதினோரு பேர் வேலை பார்த்த அந்த மென்பொருள் நிறுவனத்தில், பிழை கண்டுபிடிப்பது நிர்மலாதேவியின் வேலை. 2008 மார்ச்சில் அவள் கைக்கு ஓர் இணையதளம் வந்தது. ஏழு தனியார் நர்சிங் கல்லூரிகள் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் இடம் கொடுக்கப்போகின்றன. மாணவி மதிப்பெண்ணைப் பதிந்து, எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது அடுத்தது என்று வரிசைப்படுத்தி, ‘சேமி’ பொத்தானை அழுத்திவிட்டு ‘அடுத்து’ போக வேண்டும். முடிவில் விண்ணப்ப எண் வரும்.

இதைக் கையால் சோதித்தால் ஒரு சுற்றுக்கு இருபது நிமிஷம். எவராவது நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால் நிர்மலா அதைக் கம்ப்யூட்டருக்கே கற்றுக்கொடுத்தாள். பிரவுசரைத் திற, ‘பெயர்’ கட்டத்தைத் தேடு, இதை நிரப்பு, அந்தப் பொத்தானை அழுத்து, கடைசியில் நிர்வாகிகள் பார்க்கும் பக்கத்துக்குப் போய் எல்லாம் பதிவாகியிருக்கிறதா பார். இப்படி வரி வரியாக எழுதிக்கொடுத்தால், யாரும் தொடாமலே திரையில் கட்டங்கள் நிரம்பும், பக்கங்கள் புரளும். சரியாக இருந்தால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. வரவேற்பு மேசையில் இருந்த அகஸ்டினா, வேலை இல்லாத நேரத்தில் பின்னால் வந்து நின்று பார்ப்பாள். பேய் வந்து டைப் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்பாள்.

அந்தச் சோதனை பத்துத் தடவை ஓடினால் மூன்று தடவை சிவப்பு காட்டியது. கல்லூரி வரிசை காலியாக இருந்தது. நிர்மலா கையால் செய்து பார்த்தால் ஒருமுறைகூட அப்படி ஆகவில்லை.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து காரணத்தைப் பிடித்தாள். ‘சேமி’யை அழுத்தியதும் பக்கம் அசையாமல் நிற்கும். ஆனால் பின்னால் தகவல் சர்வருக்குப் போய்ப் பதில் வர ஒன்றிரண்டு வினாடி பிடிக்கும். மனிதர் கை ‘அடுத்து’ பொத்தானுக்கு நகர்வதற்குள் அது முடிந்துவிடும். கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் அழுத்திவிடுகிறது. பாதி வழியில் இருக்கும் தகவல் அறுந்துபோகிறது. கவுண்டரில் சொன்னதைக் குமாஸ்தா எழுதி முடிப்பதற்குள் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிற ஆளைப் போல. சோதனைக்குத்தான் பொறுமை இல்லை என்று முடிவு கட்டினாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்: நடுவில் ஒரு வரி சேர்த்தாள். மூன்று வினாடி நில்.

அதன் பிறகு நூறு தடவை ஓட்டினாள். நூறும் பச்சை. மேலாளர் சக்கரபாணி திரையைப் பார்த்துச் சிரித்தார். “மனுசன் எவன் அவ்ளோ வேகமா அடிக்கப்போறான்? உட்டுத் தள்ளு.”

அகஸ்டினாவின் மகள் லினெட் டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியவள். ஜூனில் தவளக்குப்பம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மற்றவர்கள் முக்கால் மணி நேரம் திணறிய விண்ணப்பத்தை ஆறே நிமிஷத்தில் முடித்தாள். அகஸ்டினா அதை ஆபீசில் எல்லாரிடமும் சொன்னாள்.

ஜூலையில் பட்டியல் வந்தது. லினெட் பெயர் இல்லை. அவளைவிட நாற்பது மதிப்பெண் குறைந்தவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவசரத்தில் எதையோ தப்பாக அழுத்தித் தொலைத்தாய் என்று அப்பா பிரான்சுவா நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறாராம். கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்று அகஸ்டினா விண்ணப்ப எண்ணை எழுதி நீட்டினாள்.

நிர்மலா எடுத்துப் பார்த்தாள். மதிப்பெண் இருந்தது. கல்லூரி வரிசை காலி. பக்கம் மாறிய நேரத்தைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை, இருந்தும் பார்த்தாள். ‘சேமி’க்கும் ‘அடுத்து’க்கும் இடையில் ஒரு வினாடிகூட இல்லை. அதேபோல் வரிசை காலியான விண்ணப்பங்களைத் தேடச் சொன்னபோது கம்ப்யூட்டர் இன்னும் நாற்பத்தொரு பெயரைக் காட்டியது.

கல்லூரிகளின் கூட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இடங்கள் நிரம்பிவிட்டன, திங்கள்கிழமை வகுப்பு, அடுத்த வருஷம் போடச் சொல்லுங்கள் என்றார்கள். பதில் வரும்வரை ‘அடுத்து’ பொத்தான் இயங்காமல் இருக்கும்படி அன்றைக்கே திருத்தம் போயிற்று. ஒரே வரி. பத்து நிமிஷம்.

பிறகு வரவேற்பு மேசைக்குப் போனாள்.

“லினெட் மேல தப்பு இல்லக்கா. அவ வேகமா அடிச்சா, அவ்ளோதான். மெதுவா அடிச்சவங்களுக்கெல்லாம் பதிவாயிடுச்சி. மிஷின் மார்ச்சுலயே சொல்லிச்சி. நான்தான் அத வாய மூட வச்சிட்டேன்.”

அகஸ்டினா கேட்டாள்: “இப்ப எதுனா பண்ண முடியுமா?”

“முடியாதுக்கா.”

“அவ யார்கிட்டயும் பேசறதில்ல. கையப் பாத்துகினே உக்காந்திருக்கா. இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. அவங்கப்பா வாய்ல சொன்னா நம்ப மாட்டாரு. கம்பெனி சீல் வச்சிக் குடு.”

நிர்மலா அரைப் பக்கம் அடித்தாள். சக்கரபாணி படித்துவிட்டு, இது வெளியே போனால் நாற்பத்தொரு வீட்டாரும் படியேறி வருவார்கள், பதினோரு பேரும் நாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். கையெழுத்தும் போடவில்லை, சீலும் வைக்கவிடவில்லை. நிர்மலா தன் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சொன்னதையும் சொன்னாள்.

அகஸ்டினா இரண்டு முறை படித்தாள். கம்பெனியின் சீல் அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. வருகிற தபாலுக்கெல்லாம் அவள்தான் அடிப்பாள். இழுப்பறைமேல் கையை வைத்தாள். மாடியில் இருக்கும் பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. வீட்டுக்கு வருகிற நிலையான சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

கையை எடுத்துக்கொண்டாள். கடிதத்தை மடித்து நிர்மலாவிடமே நீட்டினாள்.

“சீல் இல்லாம இத எடுத்துனு போனா, ஃப்ரெண்டுகிட்ட சொல்லி நானே எழுதி வாங்கியாந்ததுன்னுவாரு. அதுக்கும் அவளுக்குத்தான் திட்டு வுழும்.”